போர் விமானங்களில் மிக அழகானது எது, ஏன்?

என் ஓட்டு பிரிட்டனின் ஸ்பிட்ஃபயருக்குத்தான். 1936 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது. அழகெல்லாம் அந்த நீள்வட்ட இறக்கையில் இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், முன்விளிம்பும் பின்விளிம்பும் வளைந்து வந்து நுனியில் சேர்வது தெரியும்.

அழகுக்காக வரைந்த வளைவு அல்ல அது. வேகத்துக்கு இறக்கை மெலிதாக வேண்டும். அதற்குள்ளேயே எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரங்களும் அடங்கவும் வேண்டும். உடலை ஒட்டிய பகுதி நல்ல அகலமாக இருந்தால்தான் இடம் கிடைக்கும். மிட்செல் தலைமையிலான வடிவமைப்புக் குழுவுக்கு நீள்வட்டம் அந்த இடத்தைக் கொடுத்தது, காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவிசையையும் குறைத்தது. தயாரிப்பதுதான் பெரும்பாடு.

அப்புறம், தாழ்வான உயரத்தில் சண்டையிடும்போது வேகமாக உருண்டு திரும்பட்டும் என்று சில வகைகளில் இறக்கை நுனியை வெட்டிவிட்டார்கள். பலன் கிடைத்தது, சரி. எனக்கு மட்டும் மனசு ஒப்பவே இல்லை.