சுவரில் இருக்கும் தலைவரின் கண்கள் ஏன் நம்மை விடாமல் பார்க்கின்றன?

கேள்வி: பழைய மண்டபமொன்றில் இருக்கும் தேசியத் தலைவரின் ஓவியம் எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கிறது. ஆவி ஆராய்ச்சிக் குழுவொன்று கருவிகளோடு வந்து "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனது. நம்பலாமா?

அது உங்களைப் பார்ப்பதுபோல் தெரிவது உண்மைதான். ஆனால் அதை வைத்து ஆவி என்று சொல்ல முடியாது.

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீட்டு ஹோலில் காந்தியின் பெரிய படம் கொழுவியிருந்தது. இரவில் தண்ணீர் குடிக்க அந்த ஹோலைக் கடக்கவேண்டும். நான் தாகத்தோடேயே படுத்துக் கிடப்பேன். கதவடியில் நின்றாலும் பார்ப்பார், மேசைக்குப் பின்னால் போனாலும் பார்ப்பார். "நல்ல ஆத்மா மோனை, பார்த்தால் பார்க்கட்டும்" என்று அப்பம்மா திருநீறு பூசிவிடுவா. எனக்குப் பயம் இன்னும் கூடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைச் சுதந்திர சதுக்கத்துக்குக் கூட்டிப்போனார். இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் சிலைக்கு முன்னால் நிறுத்தி, "சுத்தி நட. எதுவரைக்கும் உன்னைப் பார்க்கிறார் எண்டு சொல்லு" என்றார். கொஞ்சம் நகர்ந்ததும் கன்னம் தெரிந்தது, அப்புறம் காது, அப்புறம் பிடரி.

விஷயம் இதுதான். ஓவியம் தட்டையானது. கண்மணியை நடுவில் வைத்து, நேரே பார்ப்பதுபோல் வரைந்துவிட்டால் எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் கண்மணி நடுவில்தான் இருக்கும். சிலைக்கு ஆழம் உண்டு. நாம் நகர நகர முகம் மாறும். பக்கவாட்டில் பார்ப்பதாக வரைந்த ஓவியமோ எங்கே நின்றாலும் உங்களைப் பார்க்காது. நீங்களே சோதித்துப் பாருங்கள்.

கருவி விஷயத்துக்கு வருவோம். இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் கொண்டுவருவது மின்காந்தப்புல மானி. சுவருக்குள் ஓடும் வயர், ஃபேன் ரெகுலேட்டர், பையிலிருக்கும் ஃபோன் எல்லாவற்றுக்கும் அதன் முள் அசையும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, ஃபோன்களை வெளியே வைத்துவிட்டு அளந்தார்களா என்று கேளுங்கள்.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் புதிதில்லை. கேரளாவில் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் கடைசியில் வாழ்ந்தது கொழும்பின் பாமன்கடையில். பேய் பிடித்த வீடு என்றால் நேரில் போவார், வீட்டிலுள்ள ஒவ்வொருவரோடும் பேசுவார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வெல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை ஆய்வாளர் என்ற சொல்லுக்கு அவர்தான் அளவுகோல்.

தலைவர்களின் உருவத்தை வைத்து ஏமாற்றுவதும் பழையது. அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்ற புகைப்படக்காரர் இறந்தவர்களைப் படத்தில் வரவழைப்பதாகச் சொன்னார். 1869இல் அவர்மேல் நடந்த மோசடி விசாரணையில், இதை யாரும் செய்யலாம் என்று காட்ட, கேளிக்கைக் காட்சிகள் நடத்திப் பேர்பெற்ற பி.டி. பார்னமுக்குப் பின்னால் லிங்கனின் 'ஆவி' நிற்கும் படமொன்றை வேறொரு புகைப்படக்காரர் தயாரித்துக் கொடுத்தார். ஆனாலும் மம்லர் விடுபட்டார். சில வருடங்களில் லிங்கனின் மனைவி மேரி அவரிடம் படமெடுக்கப் போனார். கிடைத்த படத்தில், கறுப்பு உடுத்த அந்த அம்மாவின் தோளில் மங்கலான லிங்கன் கைவைத்து நிற்கிறார். கணவனை மட்டுமல்ல, மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் அவர். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மம்லர்மேல் கோபம் வருகிறது.