கார்ப்பெட் நனைந்துவிட்டதா?

கேள்வி: வாஷிங் மெஷின் குழாய் கழன்று ஹால் கார்ப்பெட் முழுக்கத் தண்ணீர். மேலே ஃபேன் போட்டால் போதுமா?
- வாசகி, சென்னை

பதில்: போதாதுங்க. முதலில், ஈரத்தில் கால் வைக்கும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள், சுவிட்ச் பக்கமே தண்ணீர் நின்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பிறகு மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடுங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பதால் அன்றைக்கே வேலையை முடிக்கப் பாருங்கள். பழைய துண்டுகளை விரித்து மிதித்து மிதித்து ஈரத்தை எடுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது, ஷாக் அடிக்கும், ஈரம் உறிஞ்சும் வகையை வாடகைக்கு எடுக்கலாம். அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலுள்ள ஃபோமைப் பாருங்கள், பெரும்பாலும் ஈரம் அங்கேதான் தங்கும், ஊறியிருந்தால் அதை மாற்றுவதே நல்லது. கார்ப்பெட்டின் இரு பக்கமும் காற்றுப் படட்டும், மழைக்காலமென்றால் ஏசியை டிரை மோடில் வையுங்கள். இதுவே சாக்கடை கலந்த வெள்ளமாக இருந்தால், எவ்வளவு விலை என்றாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், குறிப்பாகத் தவழும் குழந்தை இருக்கிற வீட்டில்.