வேலை முடியாமல் வந்த ப்ராசசர் – கடிதம்

அன்புள்ள சார்,

வீட்டு சரவுண்ட் ஒலி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒலியைப் பிரிப்பதும் பெருக்குவதும் ஒரே பெட்டியில் நடக்கும், பல வருடம் உழைத்த ரிசீவரை ஓரம் கட்டிவிட்டு, ஒலியைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர்களுக்கு அனுப்பும் வேலையை மட்டும் செய்கிற, புதிதாக வெளிவந்த ஒரு 16 சேனல் ப்ராசசரை வாங்கினேன். விற்பனைக்கு வந்த முதல் மாதமே வாங்கியவர்களில் நானும் ஒருவன். தனி ஆம்ப்ளிஃபயர்கள் முன்பே என்னிடம் இருந்தன.

சரியாக ஓடும்போது இப்படி ஒரு ஒலியை என் வீட்டில் நான் கேட்டதே இல்லை. படத்தில் மழை பெய்தால் தலைக்கு மேலே பெய்கிறது. முணுமுணுக்கும் வசனம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் சரியாக ஓடாத நாட்கள்தான் அதிகம். ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் திரை கறுத்துவிடுகிறது, சில சமயம் திரும்பி வருவதே இல்லை. சில தடவை, டிஸ்க் ஆரம்பிக்கும் நேரத்தில் எல்லா ஸ்பீக்கரிலும் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு இரைச்சல் வெடித்து நின்றது. கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் போன தடவை அப்டேட் போட்ட பிறகு, படங்களில் பேஸ் எனும் ஆழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர், சப்வூஃபர், செத்துவிட்டது போல இருக்கிறது. பாட்டு கேட்டால் மட்டும் நன்றாக இருக்கிறது. சப்வூஃபர் அளவை ஏற்றிவைத்துச் சமாளிக்கிறேன். அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் என்று விளம்பரத்தில் சொன்ன அறைத் திருத்த வசதிகளில் பாதி ‘அடுத்த அப்டேட்டில்’ என்றே நிற்கிறது. என் மனைவி இனி ரிமோட்டைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

இதை வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? பழைய ரிசீவரை ஒருவர் விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

எல்லாக் குறைகளையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அவை ஒரே தரத்தவை அல்ல. திரை கறுப்பது தொல்லை. அந்த இரைச்சல் ஆபத்து. சப்வூஃபர் விஷயம் இரண்டையும்விட நயவஞ்சகமானது, ஏனென்றால் கருவி எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். முழுதாக முடியாத ஒரு கருவியோடு குடித்தனம் நடத்துகிறவர் எதைப் பொறுத்துப் போகலாம், எதை ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது என்று பிரித்துவைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கேள்விக்கு விடை அதிலிருந்துதான் வரும்.

முதலில் அந்த இரைச்சல். அதைப் பேசாமல் வேறெதற்கும் போக எனக்கு மனம் வரவில்லை. டிஸ்க் பிளேயரிலிருந்து ஒலி இரண்டு விதமாக வரலாம். டிஸ்க்கில் சுருக்கிவைத்த ஒலியை பிளேயரே பிரித்து அனுப்பினால் அது பிசிஎம். டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற சுருக்கிய வடிவங்களைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பினால் அது பிட்ஸ்ட்ரீம். இரண்டும் ஒரே எச்டிஎம்ஐ கேபிளில், ஒரே பாதையில்தான் வருகின்றன. ‘இது நேரடி ஒலி அல்ல, பிரிக்க வேண்டிய தரவு’ என்று சொல்லும் அடையாளம் கூடவே வரும். ப்ராசசர் அதைக் கவனிக்க ஒரு கணம் தாமதித்தால் போதும், பிரிக்காத தரவையே ஒலி என்று எடுத்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். சுருக்கிய தரவில் காதுக்குப் பிடிபடும் ஒழுங்கு எதுவும் இருக்காது. உச்ச அளவை ஒட்டிய வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். உங்களுக்கு டிஸ்க் ஆரம்பிக்கிற நேரத்தில், எல்லா ஸ்பீக்கரிலும் வந்தது என்பதைப் பார்த்தால், நடந்தது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

படங்களில் வசனம் பொதுவாக உச்ச அளவுக்கு 27 டெசிபெல் போலக் கீழேதான் பதிவாகியிருக்கும். 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றும். வசனத்துக்காக வைத்த வால்யூமில் அந்த இரைச்சல் எப்படி அறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காதைவிட, ஸ்பீக்கரில் கீச்சொலிகளை எழுப்பும் ட்வீட்டருக்குத்தான் எனக்குப் பயம். படத்தின் ஒலியில் மேல் அலைவரிசைகளில் சக்தி குறைவாகவே இருக்கும். இந்த இரைச்சலிலோ மேலும் கீழும் ஒரே மாதிரி கொட்டும். ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருள் அதைத் தாங்காமல் போகலாம்.

கவனமாக எழுதிய மென்பொருள், என்ன வடிவத்தில் ஒலி வருகிறது என்று உறுதியாகும்வரை வெளியீட்டை அடைத்தே வைத்திருக்கும். சில கருவிகளில் படத்தின் முதல் அரை நொடி ஒலி விழுங்கப்படுவது இதனால்தான். அதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த அரை நொடி போனால் போகட்டும் என்றுதான் தோன்றும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பிளேயரின் ஒலி அமைப்பில் பிட்ஸ்ட்ரீமை அணைத்து பிசிஎம் வையுங்கள். தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் வடிவத்தின் உயர ஒலிகள் தனியாக வராது, அது இழப்புதான். ஆனால் 7.1 சேனல் தரம் குறையாமல் வரும், அதை டால்பி சரவுண்ட் போன்ற விரிப்பு முறையில் மேல் ஸ்பீக்கர்களுக்கும் பரப்பிக்கொள்ளலாம். பிரிக்க வேண்டிய தரவே உள்ளே வராததால் இந்த வகை இரைச்சலுக்கு வழியில்லை. அதே போல, ஆம்ப்ளிஃபயர்களை ப்ராசசரின் 12 வோல்ட் ட்ரிக்கர் மூலம் தானாக எழுப்ப வேண்டாம். ப்ராசசர் எழுந்து நிலைத்த பிறகு கையால் போடுங்கள், அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயரை முதலில் அணையுங்கள். இப்போதைய நிலையில் அந்தப் பெட்டி எப்போது தானாக மறுபடி ஓடத் தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் சப்வூஃபர். பாட்டில் பேஸ் இருக்கிறது, படத்தில் இல்லை என்று எழுதியது மிக நல்ல குறிப்பு. 5.1, 7.1 என்பதில் அந்த ‘.1’ எல்எஃப்இ என்கிற தனிச் சேனல், 120 ஹெர்ட்ஸ் வரைக்குமான ஒலிக்கு உரியது. அதை 10 டெசிபெல் குறைவாகப் பதிவுசெய்வது வழக்கம், கேட்கும் இடத்தில் அந்த 10 டெசிபெலை ஏற்றிக் கொடுக்க வேண்டியது ப்ராசசரின் வேலை. மற்ற ஸ்பீக்கர்களில் இருந்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி சப்வூஃபருக்குத் திருப்பிவிடும் பேஸுக்கு இந்த ஏற்றம் கிடையாது. அப்டேட்டில் எல்எஃப்இ-யின் 10 டெசிபெல் விடுபட்டுப் போனால் என்ன ஆகும்? ஸ்டீரியோ பாட்டில் எல்எஃப்இ சேனலே இல்லை, அதனால் எதுவும் மாறாது. படத்தில் வெடிப்பும் இடியும் மட்டும் சப்பென்று இருக்கும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக இதுதான்.

ப்ராசசர் தானே எழுப்பும் சோதனை இரைச்சலை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது ஒலியைப் பிரிக்கும் இடத்தைத் தாண்டி, அதற்குப் பின்னால் உருவாவது. மீட்டர் பிடித்து அளந்தால் எல்லாச் சேனலும் சரியாகவே காட்டும், நீங்களும் உங்கள் காதின்மேல் பழி போடுவீர்கள். எல்எஃப்இ சேனலில் சோதனை ஒலி பதிவான டிஸ்க் அல்லது கோப்பு ஒன்றை வெளியிலிருந்து ஓட்டுங்கள். முடிந்தால் அதே ஒலியைப் பழைய ரிசீவரிலும் ஓட்டி, நடுச் சேனலோடு ஒப்பிட்டு இரண்டையும் எழுதிவையுங்கள். வித்தியாசம் 10 டெசிபெல் பக்கமாக வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதனால்தான் பழைய ரிசீவரைக் கொடுக்காதீர்கள் என்கிறேன். ஒரு அப்டேட் எதையாவது கெடுத்தால், கெட்டது என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

சப்வூஃபர் அளவை ஏற்றிவைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பழைய இடத்துக்கே இறக்கிவிடுங்கள். அந்தக் குமிழ் எல்எஃப்இ-யை மட்டும் ஏற்றுவதில்லை, மற்ற ஸ்பீக்கர்களில் இருந்து வரும் பேஸையும் சேர்த்தே ஏற்றுகிறது. அதனால் பாட்டும் கெட்டுப்போகும். இன்னொன்று, அடுத்த அப்டேட்டில் அவர்கள் குறையைச் சத்தமில்லாமல் திருத்தினால், அன்று ஓட்டும் முதல் படத்திலேயே சப்வூஃபருக்கு 10 டெசிபெல் அதிகமாகப் போகும். அதாவது ஆம்ப்ளிஃபயரிடம் பத்து மடங்கு சக்தி கேட்கும். குறையைச் சமாளிக்கச் செய்கிற எந்த மாற்றத்தையும் ஒரு தாளில் குறித்துவைத்து, அப்டேட் போடுமுன் திருப்பி எடுத்துவிடும் பழக்கம் வேண்டும்.

திரை கறுப்பதை நான் அவ்வளவு பெரிதுபடுத்த மாட்டேன். டிவி தன்னால் என்னென்ன காட்ட முடியும் என்று ஒரு பட்டியலைத் தருகிறது. ப்ராசசர் அதோடு தன் ஒலித் திறனையும் சேர்த்து பிளேயருக்குக் காட்டுகிறது. பிறகு நகல் தடுப்புக்கான சரிபார்ப்பு ஒவ்வொரு இணைப்பிலும் தனித்தனியாக நடக்கிறது. நொடிக்கு 24 படச்சட்டத்திலிருந்து 60-க்கு மாறினாலே இந்தப் பேச்சுவார்த்தையில் பெரும்பகுதி மறுபடி நடக்கும், இரண்டொரு நொடி கறுப்பு பெரும்பாலான கருவிகளில் உண்டு. திரும்பி வராமல் போவதுதான் குறை. பிளேயரில் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் படத்தை நேரே டிவிக்கும், ஒலியை மட்டும் ப்ராசசருக்கும் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் டிவியில் செருகி, டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் இ-ஆர்க் என்ற எச்டிஎம்ஐ வசதி வழியாக ஒலியை மட்டும் ப்ராசசருக்குக் கொடுக்கலாம். பல டிவிகள் டிடிஎஸ் ஒலியைக் கடத்துவதில்லை என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது மென்பொருள் குறையா, வன்பொருள் குறையா என்று தயாரிப்பாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். 2020 கடைசியில் புதிதாக வந்திருந்த பல ரிசீவர்களில், புதிய விளையாட்டுக் கருவி ஒன்றிலிருந்து 4கே 120 ஹெர்ட்ஸ் படம் அனுப்பினால் திரை கறுத்தது. குறை எச்டிஎம்ஐ சில்லிலேயே இருந்தது. அப்டேட்டால் அது தீரவில்லை, சில தயாரிப்பாளர்கள் இடையில் வைக்க ஒரு தனிப் பெட்டி கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி ஒன்று என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

குறையை எழுதி அனுப்பும்போது ‘அட்மாஸ் வேலை செய்யவில்லை’ என்று எழுதாதீர்கள். முகப்பில் அட்மாஸ் என்று ஒரே பெயர்தான் ஒளிரும், ஆனால் அது வரும் வழிகள் வேறு. டிஸ்க்கில் ட்ரூஎச்டி மேல் ஏறி வருகிறது. டிவி செயலிகளில் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் மேல் வருகிறது. சில ஸ்ட்ரீமிங் பெட்டிகள் முதலிலேயே பிரித்து, பிசிஎம்மோடு இடக்குறிப்புகளைச் சேர்த்து அனுப்புகின்றன. ஒன்றில் இருக்கிற குறை மற்றதில் இருக்காது. எந்தப் பிளேயர், எந்த வடிவம், அதற்கு முன்னால் என்ன ஓடிக்கொண்டிருந்தது, ஃபர்ம்வேர் பதிப்பு எது, இவ்வளவும் இருந்தால்தான் அங்கே உட்கார்ந்திருக்கும் பொறியாளர் அதைத் தன் மேசையில் நடத்திக்காட்ட முடியும். நடத்திக்காட்ட முடியாத குறை திருத்தப்படாது. டால்பியும் டிடிஎஸ்ஸும் சான்று கொடுக்குமுன் சோதிப்பது தங்கள் வடிவம் சரியாகப் பிரிகிறதா என்பதைத்தான். உங்கள் வீட்டில் இருக்கிற பிளேயர், டிவி, கேபிள் மூன்றும் சேர்ந்த கூட்டணியை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். முதல் மாதம் வாங்கியவர்கள்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள். அதைச் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வாங்கும் முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். முழு விலையையும் வாங்கிக்கொண்டு, முடியாத வேலையை முடிந்ததாகச் சொல்லி விற்பது முறையல்ல.

உங்கள் மனைவி பக்கம்தான் நியாயம் இருக்கிறது. செய்தி பார்க்க உட்காருகிறவர் ப்ராசசர் எழும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? டிவி தன் சொந்த ஸ்பீக்கரோடு, ப்ராசசர் அணைந்திருக்கும்போதும், ஒரே பொத்தானில் ஓடும்படி ஒரு வழி வைத்துவிடுங்கள். ஒரு கருவி கட்டளை அனுப்பி இன்னொன்றை எழுப்பும் எச்டிஎம்ஐ வசதியை டிவி, ப்ராசசர் இரண்டிலும் அணைத்துவிடுங்கள். கருவிகள் ஒன்றையொன்று நடுராத்திரியில் எழுப்பும் குழப்பம் பாதி அதோடு தீரும்.

வராத அறைத் திருத்த வசதியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். இன்றைக்கு இந்தப் பெட்டி என்ன செய்கிறதோ அதற்கு நீங்கள் கொடுத்த விலை தகுமா என்று மட்டும் பாருங்கள். தகும் என்றால், நன்றாக ஓடும் ஒரு பதிப்பு கிடைத்ததும் தானியங்கி அப்டேட்டை அணைத்து அதிலேயே நில்லுங்கள். மற்றவர்கள் புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்ட பிறகு ஏறலாம். அறையின் ஒலியை அளந்த கோப்புகளையும் அமைப்புகளையும் கணினியில் எடுத்துவையுங்கள், அறையின் அளவீடு மாறுவதில்லை, திரும்ப ஏற்றினால் போதும்.

வைத்துக்கொள்வதா என்பதை நான் அந்த இரைச்சலை வைத்தே முடிவுசெய்வேன். தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். குறையை ஒப்புக்கொண்டு, எந்தப் பதிப்பில் திருத்துவோம் என்று எழுத்தில் பதில் தந்தால் வைத்துக்கொள்ளுங்கள். சப்வூஃபரும் திரையும் அதற்குப் பின்னால் காத்திருக்கலாம். ‘எங்களிடம் அப்படி வரவில்லை’ என்பதே பதில் என்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு நல்ல ஒலியாக இருந்தாலும் சரி, எப்போது வெடிக்குமோ என்று கையை ரிமோட்டின் மேல் வைத்துக்கொண்டு யாரும் படம் பார்க்க முடியாது.

ஒன்று மட்டும் நினைவிருந்தால் எழுதுங்கள். வால்யூம் குறைவாக இருந்த நாளில் அந்த இரைச்சலும் குறைவாக வந்ததா, அல்லது எப்போதும் ஒரே உரத்திலா? ஒரே உரத்தில் என்றால் அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு அப்பால் பிறக்கிறது. பிசிஎம் போட்டாலும் போகாது. அப்படியானால் எந்தப் பதிலுக்கும் காத்திருக்காமல் ஆம்ப்ளிஃபயரிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள்.

அன்புடன்.