தொண்டி பக்கம் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் போட, இந்தக் கால எழுத்தாளரின் நாடகம் எதை வாசிக்கலாம்?

முதலில் இன்குலாப் எழுதிய ‘ஔவை’யை வாசியுங்கள். அவர் கீழக்கரையில் பிறந்தவர், உங்கள் கடற்கரைக்காரர், 2016இல் மறைந்தார். கூன் விழுந்த பாட்டியாகவே நாம் பார்த்துப் பழகிய ஔவை, இதில் பாணரோடும் விறலியரோடும் ஊர் ஊராகப் பாடி ஆடித் திரியும் இளம்பெண். அ. மங்கை இயக்கத்தில் மேடையேறிய நாடகம். ஊர்ப் பெண்பிள்ளைகள் நடிக்க இதைவிட நல்ல பாத்திரம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’. ஆட்கள் குறைவு, வீட்டுக்குள்ளேயே நடப்பது. ஆனால் கடற்கரைத் திறந்தவெளியில் அந்த மெல்லிய பேச்சு எடுபடாது, பள்ளிக்கூட அறைதான் சரி.

முருகபூபதியின் நாடகங்களைத் தாளில் மட்டும் படித்து முடிவெடுக்காதீர்கள். உடலும் ஒலியும் சேர்ந்தால்தான் அவை முழுமை பெறும். வாய்ப்புக் கிடைத்தால் அவருடைய மணல்மகுடி நாடகக் குழுவின் நிகழ்வை நேரில் பாருங்கள்.

எதுவானாலும் மௌனமாக வாசிக்காதீர்கள். படகு இறங்காத நாளில் நாலைந்து பேர் உட்கார்ந்து, பாத்திரம் பிரித்து உரக்க வாசியுங்கள். வாயில் ஒட்டாத வசனம் அங்கேயே தெரிந்துவிடும். தேர்ந்தெடுத்தபின் எழுதியவரிடமோ உரிமையுள்ளவரிடமோ அனுமதி கேட்டுவிடுங்கள்.