மாநில அட்டர்னி ஜெனரல் யாருக்கு வழக்கறிஞர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சட்ட மாணவி, மதுரை: நம் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் அமெரிக்க மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலும் ஒன்றுதானா?

வேலை ஏறக்குறைய ஒன்று, வேர் வேறு. நம் தலைமை வழக்கறிஞரை அரசியல் சாசனத்தின் 165ஆவது பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார். ஆட்சி மாறினால் பெரும்பாலும் அவரும் மாறிவிடுவார். அமெரிக்காவிலோ 43 மாநிலங்களில் மக்களே வாக்களித்து அட்டர்னி ஜெனரலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஆட்சித் தலைவரான ஆளுநர் ஒரு கட்சி, இவர் எதிர்க்கட்சி என்பதெல்லாம் சாதாரணம்.

நியூ ஜெர்சி வாசகர்: எங்கள் வாக்குச்சீட்டில் இந்தப் பதவியே இல்லையே?

உங்களுடையது விதிவிலக்கான மாநிலம். அங்கே ஆளுநர் நியமிக்கிறார், மாநில மேலவையான செனட் ஒப்புதல் தருகிறது. 2018இல் அப்படி வந்த குர்பீர் கிரேவால்தான் அமெரிக்காவில் மாநில அட்டர்னி ஜெனரலான முதல் சீக்கியர்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை: அரசின் வழக்கறிஞர் அரசின் தலைவரையே மீறி வழக்குத் தொடுக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. 1994இல் மிசிசிப்பியின் மைக் மூர் சிகரெட் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார். புகைத்து நோயுற்ற ஏழைகளின் மருத்துவச் செலவை மாநிலக் கருவூலம் சுமக்கிறது, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பது வாதம். தனித்தனிப் புகைப்பிடிப்பவர்கள் தொடுத்த வழக்குகளில் ‘புகைத்தது உன் விருப்பம்தானே’ என்று சொல்லியே நிறுவனங்கள் தப்பிவந்தன. கருவூலம் புகைக்கவில்லையே! மூரின் சொந்த மாநில ஆளுநரே வழக்கை நிறுத்தக் கோரி நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. மிசிசிப்பி உள்ளிட்ட நான்கு மாநிலங்கள் தனியே உடன்பாடு கண்டன. மீதி 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் ஏறக்குறைய 20,600 கோடி டாலர் தர 1998இல் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. நியமனப் பதவியாக இருந்திருந்தால் மூரை முதல் வாரத்திலேயே மாற்றியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அதே மாணவி: கொலை, திருட்டு வழக்குகளையும் இவரே நடத்துவாரா?

பெரும்பாலான மாநிலங்களில் அது மாவட்ட அரசு வழக்கறிஞரின் வேலை. டெலவேர், ரோட் ஐலண்ட் போன்ற சில சிறு மாநிலங்களில் மட்டும் இவர் அலுவலகமே நடத்துகிறது.

சென்னை வாசகர்: இது அரசியலுக்கு ஏணிதானே?

பலருக்கு ஆம். பில் கிளின்டன் ஆர்கன்சாவிலும், கமலா ஹாரிஸ் கலிபோர்னியாவிலும் இந்தப் பதவியில் இருந்தவர்கள். ஆனால் ஏணி என்பதோடு நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. மினசோட்டாவில் அட்டர்னி ஜெனரலாக இருந்த வால்டர் மாண்டேலைப் பாருங்கள். பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவரானவர்.

புளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, திருட்டுக் குற்றச்சாட்டில் வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கப்பட்டு ஐந்தாண்டு சிறைக்குப் போனார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. புளோரிடாவின் அட்டர்னி ஜெனரல் பிற மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி ஆதரவு கேட்டார். மாநில உரிமை என்ற பெயரில் கூட்டுச் சேர்வது எளிதாக இருந்திருக்கும். மாண்டேல் மறுத்தார். மறுத்ததோடு விடாமல், இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கிடியன் பக்கம் கையெழுத்திடக் காரணமானவர்களில் ஒருவரானார். அரசின் வழக்கறிஞர்களே, அரசு குற்றம் சாட்டும் ஏழைக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1963இல் நீதிபதிகள் ஒருமனதாக அதையே தீர்ப்பாக்கினார்கள். மறுவிசாரணையில் கிடியனுக்காக ஒரு வழக்கறிஞர் வாதாடினார். ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.