அமெரிக்காவில் செமி ஆட்டோ ரைஃபிள்: எச்1பி தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: டெக்சஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, எச்1பி வேலை விசா, ஆபீஸ் நண்பர் சனிக்கிழமைதோறும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூப்பிடுகிறார், காலேஜில் என்.சி.சி.யில் .22 (0.22 அங்குல அகலக் குண்டு போடும் ரைஃபிள்) சுட்ட ஆசை இன்னும் போகவில்லை, ஒரு ருகர் 10/22 (ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் .22 செமி ஆட்டோ ரைஃபிள்) வாங்கி பேரல் (குழல்), ட்ரிகர் (விசை) எல்லாம் மாற்றலாம் என்று இருக்கிறீர்கள். எதை முதலில் மாற்றுவது, மாற்றியதால் துல்லியம் கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது, அதில் கடைசி ஒன்பது வருடமாகச் சுடுகிறேன். ஏன் முதல் எட்டு வருடம் சுடவில்லை என்பதில்தான் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு இல்லாமல் எச்1பி, எஃப்1 (மாணவர்), எச்4 (எச்1பி-காரரின் குடும்பம்) மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். வாங்குவது மட்டும் இல்லை, "வைத்திருப்பது". நண்பருடைய ரைஃபிளை ரேஞ்சில் கையில் வாங்கினாலும் அது அந்த வார்த்தைக்குள் வந்துவிடும். சட்டத்திலேயே சில விதிவிலக்குகள் இருக்கின்றன, நம் ஆட்களுக்குப் பயன்படுவது செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். ஆனால் டெக்சஸ் லைசென்ஸ் எந்த மாதம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும், செப்டம்பர் 1-ம் தேதி புதுப்பிக்காமல் அலமாரியில் ரைஃபிள் இருந்தால் நீங்கள் மறுபடியும் குற்றவாளி. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த விசாவை இதில் பணயம் வைக்க வேண்டாம். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், அரை மணி நேரம் போதும். கல்யாணமாகி மனைவி எச்4-ல் இருந்தால் அவருக்கும் இதே சட்டம்தான், அதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் கிரீன் கார்டு வரும்வரை காத்திருந்தேன். அப்புறம் கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 ஃபாரம், பின்னணிச் சோதனை, அரை மணி நேரத்தில் முடிந்தது.

சரி, இனி ரைஃபிள். உங்கள் தேர்வு நல்ல தேர்வு. 10/22 வந்தது 1964-ல், இன்றுவரை அதற்குக் கிடைக்கும் பாகங்கள் அளவுக்கு வேறு எந்த .22-க்கும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. பேரல் இரண்டே திருகில் ஒரு வி வடிவக் கட்டையால் பிடிக்கப்பட்டிருக்கும், வீட்டு மேஜையிலேயே கழற்றி மாட்டலாம். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது சீரியல் நம்பர் உள்ள ரிசீவர் (மற்ற பாகங்கள் மாட்டப்படும் நடுக்கூடு) மட்டும்தான், மற்ற பாகங்கள் தபாலில் வீட்டுக்கே வரும். இந்தச் சுலபத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

வாங்கி மூன்றாவது வாரமே கனமான பேரல், புது ட்ரிகர், புது ஸ்டாக் (தோளில் ஊன்றும் கட்டை), புது ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) என்று எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றினேன். ரைஃபிள் விலையைவிட இரண்டு மடங்கு செலவு. அடுத்த வாரம் ரேஞ்சில் 50 யார்டில் சுட்டால், பழைய ரைஃபிள் ஒன்றரை அங்குலத்துக்குள் போட்ட ஐந்து குண்டு இப்போது இரண்டரை அங்குலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. எது காரணம்? நான்கையும் ஒன்றாக மாற்றியவனுக்கு எப்படித் தெரியும்? பேரலைத் திட்டினேன், விற்ற கடைக்கு மெயில் எழுதினேன், ஸ்டாக்கை மறுபடி மாற்றினேன், இரண்டு மாதம் போனது. கடைசியில் பக்கத்து பெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு வயதானவர் வந்து ஸ்கோப்பைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஸ்கோப் உட்காரும் பேஸ் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

அதனால் என் பதில் முழுக்க ஒரே விஷயம்தான்: எதையும் மாற்றும் முன் இருக்கிற ரைஃபிள் எப்படிச் சுடுகிறது என்று அளந்து வையுங்கள், பிறகு ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்.

அளப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். பெஞ்சில் முன்னால் ஒரு மணல் பை, ஸ்டாக் அடியில் பின்னால் ஒரு சின்னப் பை. ரைஃபிளை நீங்கள் பிடித்துத் தாங்கக் கூடாது, பைகள் தாங்க வேண்டும், உங்கள் வேலை ட்ரிகர் மட்டும். தூரம் 50 யார்டு. சுட ஆரம்பிக்கும் முன் எல்லாத் திருகையும் டார்க் ஸ்க்ரூடிரைவர் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து இறுக்கும் கருவி) வைத்து ஸ்கோப் கம்பெனி சொல்லும் அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். ஐந்து ஐந்து குண்டாக, ஐந்து தனித்தனிக் குறியில் சுடுங்கள், மொத்தம் 25. ஒரு குறியில் விழுந்த ஐந்து ஓட்டைகள் ஒரு குரூப். ஒவ்வொரு குரூப்பிலும் மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்புவரை அளந்து, அதிலிருந்து குண்டின் அகலம் 0.22 அங்குலத்தைக் கழித்தால் மையம் முதல் மையம்வரை கிடைக்கும். ஐந்தின் சராசரிதான் உங்கள் ரைஃபிளின் எண். மிகச் சின்ன குரூப்பைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது சராசரி ஆகாது. மூன்று குண்டு குரூப்பை நம்பவே நம்பாதீர்கள், மூன்று குண்டு தற்செயலாக ஒரே ஓட்டையில் போகும், நான்காவதும் ஐந்தாவதும்தான் உண்மையைச் சொல்லும். ஒரு குண்டு தள்ளிப் போனால் "அது நான் செய்த தப்பு" என்று விட்டுவிடவும் கூடாது, அதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

எம்.ஓ.ஏ. (மினிட் ஆஃப் ஆங்கிள்) என்று எல்லோரும் சொல்வது கோணக் கணக்கு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 100 யார்டில் 1.047 அங்குலம், 50 யார்டில் அதில் பாதி. கையில் 50 யார்டு ஒரு அங்குல குரூப் இருந்தால் அது ஏறக்குறைய இரண்டு எம்.ஓ.ஏ., ஃபாக்டரி 10/22-க்கு அது கௌரவமான எண்தான்.

அடுத்து மாற்ற வேண்டியது பாகம் இல்லை, தோட்டா. .22-ல் ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும், ஒன்று பிடிக்காது, ஏன் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஐந்தாறு வகை வாங்கி மேலே சொன்ன மாதிரியே சோதியுங்கள். வகை மாற்றும்போது முதல் பத்து இருபது குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பழைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு பேரலுக்குள் இருக்கும், புதியது பழகட்டும். ஹை வெலாசிட்டி என்று விற்பவை நொடிக்கு 1,235 அடி மாதிரி வேகத்தில் கிளம்பி வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகின்றன, அந்த இடத்தில் குண்டு கொஞ்சம் தடுமாறும். 1,070 அடி அளவில் போகும் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி ஆரம்பத்திலிருந்தே ஒலிக்குக் கீழே. ஆனால் இது செமி ஆட்டோ, தோட்டாவின் சக்திதான் போல்ட்டை (பேரலின் பின்வாயை மூடும் இரும்புக் கட்டையை) பின்னால் தள்ளுகிறது, ரொம்ப மெதுவான தோட்டாவில் காலி ஷெல் வெளியே வராமல் மாட்டும். துல்லியமாகவும் இருக்க வேண்டும், மாட்டாமலும் ஓட வேண்டும். என் ரைஃபிளில் தோட்டா மாற்றியது மட்டுமே குரூப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, பேரல் விலைக்குப் பத்தில் ஒரு பங்கு செலவில்லை.

அதற்குப் பிறகு ட்ரிகர். ஃபாக்டரி ட்ரிகர் ஐந்தாறு பவுண்டு இழுப்பு, இழுக்கும்போதே ரைஃபிள் அசையும். ருகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகர் மூன்று பவுண்டுக்குக் கொஞ்சம் கீழே. இரண்டு பின்னைத் தட்டி எடுத்தால் மாற்றிவிடலாம், முதலில் மேகசினைக் (தோட்டாப் பெட்டியை) கழற்றி, சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு. ஆனால் சிஎம்பி என்ற அமைப்பு .22 ரைஃபிள்களுக்கு நடத்தும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால், அங்கே ட்ரிகர் குறைந்தது மூன்று பவுண்டு எடையை விடுபடாமல் தூக்க வேண்டும், ரைஃபிள் ஏழரை பவுண்டுக்கு மேல் கூடாது, கனமான பேரலும் அங்கே எடையில் அடிபடும். பேரலையும் ஸ்டாக்கையும் நான் கடைசியில்தான் வைப்பேன். பேரலைப் பின்பக்கமிருந்து சுத்தம் செய்ய ரிசீவர் வழிவிடாது, முன்வாயிலிருந்து கம்பி விடும்போது அந்த விளிம்பில் உரசினால் புது பேரலும் பாழ்.

தொடவே கூடாத எல்லையும் உண்டு. பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒரு இழுப்புக்கு ஒன்றுக்கு மேல் சுட வைக்கும் எந்தப் பாகத்தையும், ஏதோ தளத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆர்டர்கூடச் செய்யாதீர்கள், அது ஃபெடரல் ஜெயில். வேலை மாறி நியூஜெர்சியோ கலிஃபோர்னியாவோ போனால் இங்கே சரியாக இருந்த ரைஃபிளே அங்கே தப்பாகலாம், லாரியில் ஏற்றும் முன் அந்த மாநிலச் சட்டத்தைப் படியுங்கள்.

வீட்டுக்குக் குழந்தைகள் வருவார்கள். டெக்சஸில் தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்கு எட்டிவிட்டால், வைத்தவர் மேல் குற்றம். பூட்டிய பெட்டி, தோட்டா வேறு பூட்டில். ரேஞ்சிலிருந்து வந்ததும் ஈயம் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையைத் துவைக்கப் போட்ட பிறகுதான் குழந்தையைத் தூக்குங்கள்.

இன்னொன்று, ரேஞ்சுக்கென்று தனிப் பை வையுங்கள், ஆபீஸ் லேப்டாப் பையை ஒருநாளும் கொண்டுபோகாதீர்கள். .22 தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான், பையின் மடிப்பில் ஒன்று விழுந்து கிடந்தால் தெரியாது. அந்தப் பையோடு ஊருக்குப் போய்த் திரும்பும்போது சென்னை ஏர்போர்ட் ஸ்கேனரில் அது தெரிந்தால், ஆயுதச் சட்டத்தில் வழக்கு, விமானமும் போய்விடும். நான் ஒவ்வொரு தடவை ஊருக்குக் கிளம்பும் முன்பும் எல்லாப் பையையும் தரையில் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் துணி அடுக்குகிறேன்.