வெப்பமும் விலையும் – கடிதம்

வணக்கம் சேர்,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். நாங்கள் படிக்கும் வெப்பச் சமன்பாட்டை வைத்துத்தான் நிதிச் சந்தையில் விலை போடுகிறார்கள் என்று ஒரு சீனியர் அண்ணா சொன்னார். பௌதிகத்தின் கணிதத்தை வங்கிக்காரர்கள் எடுத்து வித்தை காட்டுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. சரியா?

– மாணவி, திருநெல்வேலி

அன்பின் தங்கைக்கு,

எடுத்தது யார் என்று சண்டை பிடிக்கப் போனால் நமது பௌதிகப் பக்கம் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டிவரும். பாரிஸ் பங்குச் சந்தை விலைகளின் ஆட்டத்தைப் பற்றி பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூயி பஷெலியே தன் கலாநிதிப் பட்ட ஆய்வை எழுதியது 1900இல். விலையின் நிகழ்தகவு வெப்பம் பரவுவதுபோலப் பரவும் என்று காட்டி, ஃபூரியேயின் வெப்பச் சமன்பாட்டுக்கே வந்து சேர்ந்தார். நீரில் மிதக்கும் துணிக்கையின் அசைவுக்கு ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டது 1905இல்.

துணிக்கையை மூலக்கூறுகள் முட்டுகின்றன, விலையை வாங்குபவரும் விற்பவரும். ஒவ்வொரு தள்ளலும் சிறியது, ஒன்றோடொன்று தொடர்பில்லாதது என்று எடுத்தால் விலகல் நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். கஸ்தூரியார் வீதியில் பவுண் விலை நாளொன்றுக்கு 1 சதவீதம் ஆடுகிறது என்று வையுங்கள். 16 நாளில் 16 சதவீதம் ஆடாது, 4 சதவீதம்தான். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

1973இல் பொருளியலாளர்களான பிளாக்கும் ஷோல்ஸும் ஒப்ஷனுக்கு, அதாவது குறித்த நாளில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமைக்கு, விலை கண்டார்கள். அவர்களுடைய சமன்பாட்டில் பங்கு விலைக்கு மடக்கை எடுத்து, வட்டியைச் சரிக்கட்டி, நேரத்தை முடிவு நாளிலிருந்து பின்னோக்கி அளந்தால் மிஞ்சுவது உங்கள் வெப்பச் சமன்பாடுதான். இந்தப் பின்னோக்கிய நேரம் எனக்கு மிகவும் பிடித்த இடம். முடிவு நாளன்று ஒப்ஷனின் பெறுமதி ஒரு முறிந்த கோடு: குறித்த விலைவரை பூச்சியம், அதற்கப்பால் சாய்ந்து ஏறும். அங்கிருந்து பின்னால் வரவர, கம்பியில் சூடு பரவும் அதே கணக்கில், அந்த முறிவு மழுங்கி வளைகோடாகிறது. ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள், வித்தை என்று சொல்லமாட்டீர்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு வேறோர் இடம் இருக்கிறது: உள்ளே போடும் தளம்பல் எண், அதாவது விலை எவ்வளவு ஆடும் என்ற அளவு. 2022 மார்ச் முதல் வாரம் வரை இலங்கை மத்திய வங்கிக்காரர்கள் டொலரை 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த மாதங்களின் தரவில் தளம்பலைக் கணித்தால் கிட்டத்தட்டப் பூச்சியம் வரும். பிடியை விட்டார்கள், மாத முடிவில் டொலர் 300ஐ நெருங்கிவிட்டது. இதில் எங்கே சின்னச் சின்னத் தள்ளல்கள்? பெரிய தாவல்கள், சின்னத் தள்ளல்கள் சேர்ந்தால் வரும் மணிவடிவ வளைவு சொல்வதைவிட அடிக்கடி வரும் என்று 1963இலேயே பருத்தி விலைகளை வைத்துக் கணிதவியலாளர் மண்டல்பிரோ எழுதியிருந்தார். ஷோல்ஸுக்கும், அதே ஒப்ஷன் கணக்கை வளர்த்த மேர்ட்டனுக்கும் 1997இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பங்காளிகளாக இருந்த நிதியம் அடுத்த வருடமே கவிழ்ந்தது. கணிதம் தெரியாத ஆட்களா அவர்கள்?

அடுத்து இட்டோவின் தேற்றத்தை, அதாவது இப்படித் தற்செயலாக ஆடும் அளவுகளுக்கான நுண்கணித விதியை, படியுங்கள். உங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லாவிட்டால் கணிதத் துறையில் யாரையாவது பிடித்துக் கேளுங்கள்.